மூன்று மணி பன்னிரண்டு

அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
மார்சேய் நகரக் கடையொன்றில்
முக்குளிக்கும் உடை வாங்கியிருக்கிறேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ, நாற்பது சென்ட்.
அளவு: நடுத்தரம்.

நடுத்தரம்!
என் தோளை ஒருமுறை பார்த்தவர் போதும்,
எனக்குச் சாட்சி சொல்ல.

கிளைப்பெடா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரக் கூண்டுக்குள்,
காலடியிலும் கண்ணாடி,
இரண்டு கையும் நெம்புகோலில் இருந்த நேரம் அது.
கீழே ஹாம்பர்க் சரக்கு.
காற்று நொடிக்குப் பதினாறு மீட்டர்,
பதினெட்டானால் நிறுத்திவிடுவோம்.
கைபேசி உடைமாற்றும் அறையில்
ஒரு ஜோடி ஈரக் காலுறைக்கு அடியில்
ஒளிர்ந்து அணைந்திருக்கும்.

காலை ஏழரைப் பேருந்தில்தான் பார்த்தேன்.
முதலில் கோபம் வரவில்லை.
நான்தான் செய்தேனோ என்றிருந்தது.
செய்யாதவன் வயிற்றிலும்
புளியைக் கரைக்கத்தான் செய்கிறது.

வங்கி சொன்னது: பணச்சேவையைக் கேளுங்கள்.
பணச்சேவை சொன்னது: கடையைக் கேளுங்கள்.
கடை பிரெஞ்சு மொழியில் வாழ்த்தியது,
நீருக்கடியில் இனிய நாட்கள் அமையட்டுமென்று.

நான்காம் முறை மனிதக் குரல். பெயர் ருகிலே.
அவளுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.
அந்தத் தும்மல்தான் எத்தனை ஆறுதல்.

"அந்நேரம் எங்கே இருந்தீர்கள்?"
"வானத்தில்."
சிரிக்கவில்லை. விசைகளின் சத்தம் மட்டும்.
வானம் என்றே பதிந்துகொண்டாள் போலும்.

திருடர்கள் முதலில் சின்னதாகத் தொட்டுப் பார்ப்பார்கள், என்றாள்.
தொண்ணூறு நாள் கணக்கையும் வாசிக்கிறேன்.
உங்களுடையதா, இல்லையா, அது போதும்.

மிதிவண்டிச் சங்கிலி. ஆம்.
பல் மருத்துவர். ஆம்.
புகையூட்டிய விலாங்கு. ஆம்.
விலாங்கு. ஆம். மறுபடி விலாங்கு.
விலாங்கெல்லாம் என்னுடையதுதான் அம்மணி.

"பிப்ரவரி ஒன்பது. இரவு இரண்டு நாற்பது. பதினைந்து யூரோ.
பெற்றவர்: மேடம் ஒரேலியா. சீட்டு ஜோசியம்."

எதிர்க் கூரையில் ஒரு கடற்பறவை
எதையோ விழுங்க முடியாமல் நின்றது.

இல்லை என்று ஒரே ஒரு சொல்.
பதினைந்து யூரோ திரும்பி வரும்.
அந்த இரவும் நடுத்தரன் தலையில் போய் விழும்.
ஸ்கைஸ்டே திரும்பி வருவாளா என்று
குளிர்ந்த சமையலறையில் உட்கார்ந்து கேட்டவன்
அவன்தான் என்றாகிவிடும்.
இலையுதிர்காலம் வரை பொறுத்திருங்கள் என்ற பதிலை
விடியும்வரை படித்துக்கொண்டிருந்தவனும் அவனே.
பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.
உடையோடு சேர்த்து இதையும் சுமக்கட்டுமே.

"ஐயா? இணைப்பில் இருக்கிறீர்களா?"

பெட்டியைத் தூக்கும்போது
உள்ளே என்ன என்று எனக்குத் தெரியாது.
எடை மட்டும் தெரியும்.
முத்திரை உடையாமல் இறக்கிவைத்தால்
அதற்குத்தான் சம்பளம்.

"என்னுடையது," என்றேன்.
"நன்றி. அடுத்தது, பேருந்துச் சீட்டு, ஒரு யூரோ."

ஒன்பதாம் நாள் பணம் வந்துவிட்டது.
நாற்பது சென்ட்டும்.
உடை வரவில்லை, வராது.
இந்நேரம் ஏதோ பாறைக்கு அடியில்
என் பெயரில் ஒருவன்
மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம்.

கடவுச்சொல்லை மாற்றச் சொல்லியிருந்தார்கள்.
எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்னிடம்:
அவள் பெயர், அவள் பிறந்த ஆண்டு.

ஆண்டில் ஓர் எண்ணை மாற்றினேன்.
பழையதைப் போலவே இருக்கிறது, என்றது திரை, சிவப்பில்.
பெயரைப் பின்னிருந்து எழுதினேன்.
பழையதைப் போலவே இருக்கிறது.

பணி தொடங்கப் பத்து நிமிடம்.
காற்று பதினான்கு.
விலாங்கு என்று அடித்தேன்,
ஒரு வியப்புக்குறி, ஒரு பதினாறு.

ஏற்றுக்கொண்டது.